நம்முள் மறைந்த நாம்

தன்னைத் தான் அறிதல் வேண்டும் என்பது கிரேக்க நாட்டிலும் தமிழ்நாட்டிலும் தொன்றுதொட்டு வழங்கிவரும் அறிவுரை. ஆயின் அறியப்படும் 'தான்' எத்துணைப் பரப்புடையது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. விரும்பி ஏற்ற குணங்களே நாம் என்று கருதுகின்றோம். நாணியும் அஞ்சியும் தள்ளிய குணங்கள் ஒழிந்தன என்று அமைகின்றோம். அவை ஒழிவதில்லை, ஒளிகின்றன. இம்மறைபகுதிக்கு 'நிழல்' என்று பெயரிட்டவர் சுவிட்சர்லாந்து நாட்டு உளநூல் அறிஞர் கார்ல் யுங் (1875-1961) என்பவர்.

நிழல் உண்டாகும் முறை எளிதில் விளங்கும். குழந்தையினிடத்துச் சினமும் பொறாமையும் அழுகையும் ஆரவாரமும் ஒருங்கே உள்ளன. பெரியோர் புகழ்வனவற்றை அது வெளியே நிறுத்துகின்றது. கடிவனவற்றை உள்ளே தள்ளுகின்றது. 'நல்ல பிள்ளை' என்று பெயரெடுத்த சிறுவன் தன் சினத்தைத் தானே காணாதவனாய் வளர்கின்றான். பின்னர்ப் பிறனொருவன் சிறிது உரத்துப் பேசினும் அவனை முரடன் என்று அளவிறந்து வெறுக்கின்றான். நம் வெறுப்பு நிகழ்ச்சியின் அளவை மீறுமாயின், அவ்விடத்தே நம் நிழல் நிற்கின்றதோ என்று ஐயுறலாம். துரும்பையும் உத்திரத்தையும் பற்றிய நற்செய்தி உவமையும், தன் குற்றத்தை முன்னர் நோக்குமாறு அரசனுக்கு உரைக்கும் திருக்குறட் பகுதியும் ஈண்டு நினைக்கத்தக்கன.

நிழலில் உள்ளன யாவும் தீயவை என்று முடிவு செய்தல் பொருந்தாது. நல்லியல்புகளும் படைப்பாற்றலும்கூட அங்குக் கிடக்கும் என்பது யுங்கின் கருத்து. இதற்குச் சான்று தேடி யாம் நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. தூத்துக்குடியை அடுத்த மாப்பிள்ளையூரணி எமது ஊர். அவ்வூரிலிருந்தும் அண்மைக் கடற்கரைச் சிற்றூர்களிலிருந்தும் கல்லூரிக்கு வரும் மாணவர் சிலர், விடுதி புகுந்த ஒரு திங்களுக்குள் தம் பேச்சை மாற்றிக்கொள்கின்றனர். ஊர் எது என்று வினவினால் 'தூத்துக்குடி' என்னும் அளவில் நிறுத்திக்கொள்வர். கருவாட்டு மணமும் உப்பளத்து வெயிலும் தம் வீட்டைச் சார்ந்தன என்று வாய்திறவார். ஆனால் வகுப்பில் நடப்பது என்ன? நெய்தல் திணைச் செய்யுளை ஆசிரியர் விரித்துரைக்க, கொற்கை முத்தையும் பரதவர் வாழ்வையும் கேட்டு யாவரும் வியக்கின்றோம். 'கொண்டல்' என்றால் கீழ்காற்று என்று ஏட்டில் எழுதிக்கொள்கின்றோம். அக்காற்று எழுங்கால் கடல் எவ்வாறு மாறும் என்பதைத் தந்தை வாய்க் கேட்டு வளர்ந்தவனோ பின்வரிசையில் வாளா இருக்கின்றான். வாடையும் கொண்டலும் அவன் வீட்டில் இன்றும் வழங்கும் சொற்கள். நாணத்தோடு தன் தமிழையும் சேர்த்தே அவன் புதைத்துவிட்டான். உரையாசிரியர்க்கும் கிட்டாத ஓர் உரை அவனிடம் உறங்குகின்றது!

இனி, மறைந்ததை எடுக்கும் வகை யாது? எம் கரையின் பழந்தொழில் ஒன்று இதனை விளக்கும். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. முன்னாளிற் குளியாள் ஒரு கல்லின் துணையாற் பாரை நோக்கி விரைந்து இறங்குவான். ஏறத்தாழ ஒரு நிமிடமே அடியில் தங்கிக் கைக்கெட்டிய சிப்பிகளைத் திரட்டிக் கயிற்றை அசைப்பான். தோணியில் நிற்பவன் உடனே இழுப்பான். கயிறு பிடிப்பவன் நம்பத்தக்கவனாக இல்லாவிடின் இறங்குவார் யார்?

யுங்கும் இவ்வாறே இறங்கினார். தாம் பெரிதும் மதித்த பிராய்டைப் பிரிந்தபின், 1913-ஆம் ஆண்டு முதலாகத் தம் உள்ளத்தின் ஆழத்தில் எழுந்த காட்சிகளை வலிந்து எதிர்கொண்டார். அவற்றை எழுதியும் வரைந்தும் வைத்தார். 'சிவப்பு நூல்' எனப்படும் அத்தொகுதி 2009-இல் தான் அச்சேறியது. அக்காலத்தில் தம் குடும்பமும் மருத்துவத் தொழிலுமே தம்மை நிலைபெறச் செய்தன என்று அவர் பின்னாளிற் குறித்துள்ளார். அவையே அவருடைய கயிறு. தனித்திருந்து தன் குறைகளையே இரவெல்லாம் கிளறும் இளைஞனுக்குக் கயிறு இல்லை. நாள்தோறும் சிறிது பொழுது, 'இன்று யாரை அளவிறந்து வெறுத்தேன்? எதை மறைத்தேன்?' என்று குறிப்பேட்டில் எழுதுதலும், நம்பத்தக்க ஒருவரிடம் அதனைச் சொல்லுதலும், பின்னர்ப் படிப்புக்கும் விளையாட்டுக்கும் திரும்புதலும் தொடக்கத்திற்குப் போதும். மனம் மிகத் தளர்ந்தோர் மருத்துவரை நாடுதலே முறை. மேலும், சினத்தை அறிதல் வேறு. சினத்தின்வழி நடத்தல் வேறு. தன் சினத்தை அறிந்த 'நல்ல பிள்ளை' எவரையும் அடிக்கப் போவதில்லை. அநீதி கண்டவிடத்து 'மாட்டேன்' என்று சொல்லக் கற்கின்றான்.

மணல் உறுத்த, அத்துன்பமே முத்தாகின்றது என்று மேடைகளிற் பேசுவர். அது எமக்கு உடன்பாடன்று. பெரும்பாலும் மணலன்று, உட்புகுந்த சிற்றுயிரோ இடம்பெயர்ந்த தசைத்துணுக்கோ முத்துக்குக் காரணம் என்பர் உயிர்நூலார். 1973-இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உண்டாக்கியதும், சிப்பிக்குள் ஓர் உருண்டையையும் வேறொரு சிப்பியின் தசைத்துணுக்கையும் வைத்தே. சிப்பி தன்னுள் வந்ததை அறிகின்றதில்லை, பளபளப்பால் மூடிவிடுகின்றது. நம்முடைய நற்பெயர் பலவும் அவ்வகை முத்துக்களே.

மூடியதைத் திறக்கும் வேலையோ அழகியதன்று. கரையில் வேலியடைத்த இடத்திற் சிப்பிகளைக் குவித்துப் பல நாள் அழுகவிடுவர். ஈயும் புழுவும் மொய்க்கும். நாற்றம் நெடுந்தூரம் வீசும். பின்னரே கழுவித் துழாவுவர். குளியாளுக்குக் கூலியாகக் கிடைத்ததும் திறவாத சிப்பிகளில் ஒரு பங்கே. அவற்றுட் பெரும்பாலன வெறுஞ்சிப்பிகள். அஃது அறிந்தும் நள்ளிரவுக்குப்பின் கரைக்காற்று வீசத் தொடங்கியதும் தோணிகள் மீண்டும் புறப்பட்டன.