எண்ண ஆளில்லாத எண்

1-க்குப் பின்னால் 100 சுழி போட்டால் வரும் எண்ணுக்கு என்ன பெயர்? நம் ஊர் ‘கோடீஸ்வரன்’ நிகழ்ச்சிகளுக்கெல்லாம் மூலமான பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் போட்டியில், 2001-இல் பத்து லட்சம் பவுண்டுக்குக் கேட்கப்பட்ட கடைசிக் கேள்வி இது. ராணுவ மேஜர் சார்லஸ் இங்ரம் ‘கூகோல்’ என்றார். சரியான விடைதான், பணம் மட்டும் கைக்கு வரவில்லை. அரங்கில் இருந்தவர்கள் இருமி இருமி விடையைக் காட்டிக்கொடுத்ததாக வழக்கு நடந்து, 2003-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது.

இந்தப் பெயரைச் சூட்டியவன் 9 வயதுச் சிறுவன். கொலம்பியா பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் காஸ்னர், பெரிய எண் ஒன்றுக்குப் பெயர் சொல்லச் சொன்னபோது மருமான் மில்டன் சிரோட்டா சொன்னது அது. அதைவிடப் பெரியதற்கு ‘கூகோல்பிளெக்ஸ்’ என்றான். எத்தனை சுழி? கை ஓயும்வரை போடலாமாம்! ஆளுக்கு ஆள் கை ஓயும் நேரம் மாறுமே என்று யோசித்த காஸ்னர், 1-க்குப் பின்னால் ஒரு கூகோல் சுழிகள் என்று அதை வரையறுத்தார். 1940-இல் ஜேம்ஸ் நியூமனுடன் அவர் எழுதிய நூல் வழியே இரண்டு பெயர்களும் பரவின.

கோடியில் 7 சுழி. பதினான்கு கோடிகளை ஒன்றோடொன்று பெருக்கினாலும் 98 சுழிதான். இன்னும் ஒரு நூறால் பெருக்க வேண்டும். நம் கண்ணுக்கும் கருவிக்கும் எட்டும் பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை, தோராயமாக 1-க்குப் பின்னால் 80 சுழி. இருபது சுழிதானே குறைகிறது என்று தோன்றும். அதை நிரப்ப இதே போன்ற பிரபஞ்சங்கள் பத்து லட்சம் கோடி கோடி வேண்டும்!

அப்படியானால் கூகோலை வைத்து எதைத்தான் எண்ணுவது? பொருள்களை எண்ணப் போனால் அதற்கு வேலையே இல்லை. வரிசை முறைகளை எண்ணத் தொடங்கினால் அது சின்ன எண்ணாகிவிடுகிறது. ரேஷன் கடையில் 3 பேர் நின்றால் அவர்களை 6 விதமாக வரிசைப்படுத்தலாம். 10 பேர் என்றால் 36,28,800 விதம். 13 பேருக்கே 622 கோடியைத் தாண்டிவிடும். 69 பேர்வரை கூகோலுக்குள் அடங்கும்; எழுபதாவது ஆள் வந்து நின்றதும் கணக்கு கூகோலைக் கடந்துவிடுகிறது. சதுரங்கம் இன்னும் மோசம். ஆடக்கூடிய ஆட்டங்கள் 1-க்குப் பின்னால் 120 சுழி அளவுக்கு இருக்கும் என்று 1950-இல் கணிதவியலாளர் கிளாட் ஷானன் மதிப்பிட்டார்.

இன்று இந்தச் சொல்லை உலகம் எழுத்துப் பிழையோடுதான் அறிந்திருக்கிறது: கூகுள். தேடுபொறிக்கு வைத்த பெயர் கூகோலிலிருந்து வந்ததென்று லாரி பேஜும் செர்ஜி பிரினும் 1998-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள்.

வீட்டில் கல்லூரிப் பிள்ளையின் சயின்டிஃபிக் கால்குலேட்டர் இருந்தால் 69 என்று தட்டி, அந்த வரிசைக் கணக்கைப் போடும் ஆச்சரியக்குறிப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், விடை வரும். 70 போட்டால் பெரும்பாலான கால்குலேட்டர்கள் ‘எரர்’ காட்டும். பத்தின் அடுக்கு 99-ஐத் தாண்டும் எண்ணுக்கு அவற்றில் இடமில்லை.