கோபுரத்துக்கு எத்தனை முக்கோணம்?

'வெண்பா' விளையாடியிருக்கிறீர்களா? 1988ல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. ஊரிலிருந்து கொண்டுவந்த சமையல் குறிப்பேட்டில் பல இடங்களில் எழுத்து அழிந்திருக்கும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்பதை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். டொரோண்டோவில் அபி என்பவரின் சிறு குழு உருவாக்கி, 2023 ஜூலையில் வெளியிட்ட மின்விளையாட்டு இது. மறு ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா அதற்குச் சிறந்த அறிமுக விளையாட்டு விருதைக் கொடுத்தது. கண்ணைப் பறிக்கும் முப்பரிமாணக் காட்சி எதுவும் அதில் இல்லை. தட்டையான, அழகான ஓவியங்கள்தான். 2017ல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச்சிலும் ஓடும். அந்தக் கருவியின் நினைவகம் வெறும் 4 ஜிபி.

நம் ஊரிலும் உதாரணம் உண்டு. 'கேட் குவெஸ்ட்' 2017ல் வந்தபோது அதைச் செய்த சிங்கப்பூர்க் குழுவில் மூன்றே பேர்.

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னேன். பதினேழு வயது. "சித்தி, அதெல்லாம் டூ-டி. நான் செய்யப்போறது த்ரீ-டி" என்றான். அவன் குறித்துவைத்திருந்த மடிக்கணினியின் விலை 3,400 வெள்ளி. அத்தானின் போனஸில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். அக்கா என்னைத் தனியாக அழைத்து, "நீதானே மீடியா படிச்சவ, இது வேணுமா வேணாமான்னு சொல்லு" என்றாள். எனக்கு விலையைவிட இன்னொன்று உறுத்தியது. கணினி வரட்டும் என்று ஆறு மாதமாகக் காத்திருந்தவன், அதுவரை ஒரு கனசதுரத்தைக்கூட உருட்டிப் பார்க்கவில்லை.

வீட்டில் இருந்தது 2019ல் வாங்கிய மடிக்கணினி. 8 ஜிபி நினைவகம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. அதில் 'கொடோ' எஞ்சினைப் பதிவிறக்கினோம். கேம் எஞ்சின் என்பது விளையாட்டுக்கான சமையலறை. காட்சியை வரைவது, பொருள் மோதினால் தெறிக்கவைப்பது, ஒலி எழுப்புவது எல்லாவற்றுக்கும் அடுப்பும் பாத்திரமும் அங்கே தயாராக இருக்கும். அர்ஜென்டினாவில் பிறந்த கொடோ 2014ல் பொதுவெளிக்கு வந்தது. முற்றிலும் இலவசம். 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவனம், விளையாட்டு நிறுவப்படும் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் கேட்கப்போவதாக அறிவித்தது. அப்போது பல சிறு குழுக்களின் கண் கொடோ பக்கம் திரும்பியது. யூனிட்டி அந்தக் கட்டணத்தை ஓராண்டில் கைவிட்டது வேறு கதை.

எதைக் கட்டுவது என்ற கேள்விக்குக் காத்தோங்கில் பஞ்சமில்லை. எங்கள் வீட்டிலிருந்து சிலோன் சாலை நடை தூரம். குளக்கரையில், செண்பக மரத்தடியில் கிடைத்த பிள்ளையாரிலிருந்து தொடங்கியது என்று சொல்லப்படும் செண்பக விநாயகர் கோயில் அங்கே இருக்கிறது. இலங்கைத் தமிழர் வளர்த்த கோயில். கோபுரமும், சுற்றிலும் பூவோடு பதித்த பெரனாக்கன் கடைவீடுகளும். ஒரே ஒரு தெரு போதும் என்று முடிவானது.

முதல் முயற்சியில் அவன் எல்லா விசையையும் முடுக்கிவிட்டான். உடனுக்குடன் கணக்கிடும் ஒளிச்சிதறல், காற்றில் மிதக்கும் மூடுபனி (காத்தோங்கில் ஏதப்பா மூடுபனி?), உயர்தர நிழல். விநாடிக்கு 9 படங்கள் வந்தன. வழுவழுப்பாக நகர 60 வேண்டும். அதாவது ஒரு படத்தை வரைந்து முடிக்கக் கணினிக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி விநாடி. "பார்த்தீங்களா, கணினி தாங்கல" என்றான், கொஞ்சம் வெற்றிக் களிப்போடு.

கணினி எதைத் தாங்கவில்லை என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தோம். கோபுரத்துப் பொம்மை ஒவ்வொன்றையும் ஆயிரக்கணக்கான முக்கோணங்களால் செதுக்கியிருந்தான். தெருமுனையிலிருந்து பார்த்தால் அந்தப் பொம்மை திரையில் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. ஒரு புள்ளியைவிடச் சிறிய முக்கோணம் யார் கண்ணுக்குத் தெரியும்? செதுக்கலின் மேடுபள்ளத்தை ஒரு படமாக எடுத்து, எளிய உருவத்தின் மேல் போர்த்தினோம். வெளிச்சம் அதன்மீது பட்டால் செதுக்கியது போலவே தெரிந்தது.

அடுத்தது ஓடுகள். ஒவ்வொரு பூ ஓட்டுக்கும் பக்கத்துக்கு 4,096 புள்ளி கொண்ட படம். சுருக்காமல் ஏற்றினால் ஒவ்வொன்றும் 64 எம்பி விழுங்கும். அதையே 1,024 ஆக்கினால் 4 எம்பி. தரையில் ஒட்டும் ஓட்டுக்கு அதுவே தாராளம்.

உண்மையான பகாசுரன் வெளிச்சம். சூரியன் நகராத காட்சியில், நிழலை விநாடிக்கு அறுபது முறை புதிதாகக் கணக்கிடுவானேன்? ஒருமுறை கணக்கிட்டுச் சுவரிலேயே பதித்துவிடலாம். பதித்து முடிக்க அந்தப் பழைய கணினி ஒரு சாப்பாட்டு நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு மூடுபனியை எடுத்துவிட்டு, கைப்பேசிகளுக்கென கொடோ தரும் எளிய வரைமுறைக்கு மாறினோம். திரையின் அளவையும் 1080லிருந்து 720க்கு இறக்கினோம். வரையவேண்டிய புள்ளிகள் 2 மில்லியனிலிருந்து ஒரு மில்லியனுக்கும் கீழே வந்தன. (4கே திரையென்றால் 8 மில்லியன்!) இப்போது விநாடிக்கு 50 படம். பிற்பகல் வெயில் ஐந்தடிப் பாதையில் சாய்ந்து விழுவது, முதல் முயற்சியைவிட இதில்தான் நன்றாக இருந்தது. எதை எங்கே வைக்கவேண்டும் என்று அவன் யோசித்திருந்தான் அல்லவா!

வானொலியில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நிகழ்ச்சியைப் பெரிய ஒலிபெருக்கியில் கலந்தாலும், கடைசியில் மலிவான சிறு பெட்டியில் ஒருமுறை போட்டுக் கேட்போம். டாக்சியிலும் அடுக்களையிலும் கேட்பவர்களுக்கு அந்தச் சத்தம்தான் போகும். விளையாட்டுக்கும் அப்படித்தான். 3,400 வெள்ளிக் கணினியில் மட்டும் செய்து பார்ப்பவருக்கு, பக்கத்து வீட்டுப் பையனின் கணினியில் அது திணறுவது தெரியவே தெரியாது.

அதற்காக நல்ல கணினியே வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்ரியல் 5 எஞ்சினுக்கு அதன் நிறுவனமே 32 ஜிபி நினைவகமும், 8 ஜிபி கொண்ட கிராஃபிக்ஸ் கார்டும் பரிந்துரைக்கிறது. பல மில்லியன் முக்கோணங்களை அப்படியே கொட்டவும், வெளிச்சத்தை உடனுக்குடன் சிதறவிடவும் அதில் வசதி உண்டு. பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்து, பாடத்துக்கு அது வேண்டும் என்று ஆசிரியர் சொன்னால் அப்போது வாங்கட்டும் என்று அக்காவிடம் சொன்னேன். எந்த மாதிரி வேண்டும் என்று அவனுக்கே அன்றைக்குத் தெரிந்திருக்கும்.

இப்போதைக்கு, சிம் லிம் ஸ்குவேரில் இன்னொரு 8 ஜிபி நினைவகத் துண்டை வாங்கிப் பொருத்தினோம். தனி கார்டு இல்லாத கணினி, படம் வரையவும் அதே நினைவகத்தைத்தான் பயன்படுத்தும். துண்டு இரண்டானால் தரவு போய்வரும் பாதை அகலமாகும். செலவு, அந்த 3,400 வெள்ளியில் ஒரு சிறு பங்குதான்.

இப்போது மழையில் மாட்டிக்கொண்டிருக்கிறான். ஊடுருவித் தெரியும் துளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால், ஒரே புள்ளியைக் கணினி பத்து முறை வரையவேண்டியிருக்கிறது. படங்கள் 20க்கு இறங்கிவிடுகின்றன. துளிகளைக் குறைத்து, ஓட்டுக்கூரையில் மழை விழும் சத்தத்தைக் கூட்டினால் என்ன என்று கேட்டிருக்கிறான். ஒலிப்பதிவுக் கருவியோடு அடுத்த மழைக்குக் காத்திருக்கிறோம்.