மேசைக் கணனியின் முடியைக் கைத்தொலைபேசி பறித்ததா?

ஹேர்னிங் நகரில் எமது அயலில் வசிக்கும் மூதாட்டி ஒருவர் அண்மையில் ஒரு மாலைப்பொழுதில் எம்மைத் தேடி வந்தார். அவரிடம் கணனி இல்லை, என்றுமே இருந்ததில்லை. ஆனால் வங்கிக் கணக்கு, நகரசபையின் கடிதங்கள், கொழும்பிலுள்ள தங்கையின் முகம் யாவும் அவரது கைத்தொலைபேசிக்குள் இருந்தன. அன்று வங்கியின் செயலி திறக்க மறுத்துவிட்டது. கருவி பழுதடையவில்லை. அதன் இயக்க மென்பொருள் பழையதாகிவிட்டது. தயாரித்த நிறுவனம் அதனை இனிப் புதுப்பிப்பதில்லை.

"போன் நல்லாத்தானே இருக்கு, தம்பி. பிறகேன் உள்ளுக்கு விடுதில்லை?" என்று அவர் கேட்டார்.

அவரது கேள்விக்கான விடையைத் தேடுவோர் சில தசாப்தங்கள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1987 செப்டெம்பர் 7ஆம் திகதி 13 நாடுகளின் தொலைத்தொடர்பு அமைப்புகள் ஜீஎஸ்எம் எனும் பொது முறைமையை நிறுவுவதற்கான உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. அது நிகழ்ந்த இடம் எமது தலைநகர் கோபன்ஹேகன். வட யூட்லாந்தில், ஓல்போர்க் நகரின் சுற்றுவட்டாரத்தில் இயங்கிய டான்கோல், செற்றெல்கோ ஆகிய டேனிய நிறுவனங்கள் அம்முறைமைக்குரிய தொலைபேசியைக் கூட்டாக உருவாக்கின.

அக்காலத்தில் கணனியுலகின் முடிசூடிய மன்னனாக விளங்கியது மைக்ரோசொவ்ற். 1990களின் இறுதியில் தனியாள் கணனிகளுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை விண்டோஸ் மென்பொருளிலேயே இயங்கின. 1998இல் அமெரிக்க அரசு அந்நிறுவனத்தின் மீது ஏகபோக வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டில் நொக்கியா, எரிக்சன், சயோன் ஆகியன இணைந்து சிம்பியன் எனும் நிறுவனத்தை லண்டனில் அமைத்தன. மேசையை இழந்தாலும் சட்டைப்பையையாவது மைக்ரோசொவ்றிடம் இழக்கக்கூடாது என்பதே அவற்றின் எண்ணம்.

அவ்வெண்ணம் ஈடேறியது, ஆனால் எண்ணியவர்கள் வெல்லவில்லை. 2007இல் அப்பிளின் ஐபோனும் 2008இல் கூகிளின் அன்ட்ரொயிட் தொலைபேசியும் சந்தைக்கு வந்தன. 2011இல் நொக்கியா தனது மென்பொருளைக் கைவிட்டு விண்டோஸைத் தழுவியது. கோபன்ஹேகனில் இருந்த அதன் ஆய்வு நிலையமும் அதனையடுத்து மூடப்பட்டது. 2014இல் அதன் தொலைபேசிப் பிரிவை மைக்ரோசொவ்ற் வாங்கி, மறு ஆண்டே 760 கோடி டொலரை நட்டக் கணக்கில் எழுதியது. பாவனையாளர் குறைவென்பதால் செயலிகளை எழுதுவோர் வரவில்லை. செயலிகள் இல்லையென்பதால் பாவனையாளர் வரவில்லை. மேசையில் விண்டோஸைக் காத்து நின்ற அதே விதிதான் சட்டைப்பையில் அதனை வீழ்த்தியது.

ஆயின் கணனி வீழ்ந்துவிட்டதா? இல்லை. கணக்கேடும் ஆய்வுக் கட்டுரையும் அலுவலகக் கோப்பும் இன்றும் மேசையிலேயே உருவாகின்றன. டென்மார்க்கின் டிஜிற்றல் விவகார அமைச்சு மைக்ரோசொவ்றின் அலுவலக மென்பொருளை விடுத்து லிப்ரே ஒபிஸுக்கு மாறப்போவதாக 2025 ஜூனில் அறிவித்தமை, பழைய பிடி இன்னும் தளரவில்லை என்பதற்குச் சான்று. பழைய அரியாசனம் கவிழவில்லை. அதனருகே மேலும் இரண்டு எழுந்துள்ளன. ஐரோப்பிய ஆணையத்தில் போட்டிச் சட்டத்துக்குப் பொறுப்பாயிருந்த டேனியப் பெண்மணி மார்கிரேத் வெஸ்தேயர், அன்ட்ரொயிட் தொடர்பாக 2018இல் கூகிளுக்கு 434 கோடி யூரோ அபராதம் விதித்தமையை இங்கு நினைவுகூரலாம்.

எம்மவர் அடைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. பாமினி எழுத்துரு இல்லாத கணனியில் எமது கட்டுரைகள் வெறும் ஆங்கிலக் குறிகளாய்ச் சிதறிய காலம் ஒன்றிருந்தது. இன்று கைத்தொலைபேசியில் தமிழ் தானாகவே தோன்றுகிறது. மேசைக் கணனியின் முன் ஒருநாளும் அமர்ந்திராத முதல் தலைமுறையினருக்கு அதுவே முதற்கணனி.

ஆனால் டென்மார்க்கில் 2014 நவம்பர் முதல் 15 வயதுக்கு மேற்பட்டோர் அரச கடிதங்களை மின்வழியே பெறுவது கட்டாயம். முன்னர் நெம்ஐடிக்குக் காகித அட்டையொன்று போதுமாயிருந்தது. அட்டைக்குப் புதுப்பித்த மென்பொருள் தேவைப்படவில்லை. இப்போதைய மிற்ஐடியைப் பெரும்பாலோர் செயலியாகவே வைத்திருக்கின்றனர். அடையாளமே ஒரு கருவிக்குள் குடிபுகுந்தபின், அக்கருவியின் ஆயுளைத் தீர்மானிப்பவர் எமது வீட்டுச் சாவியையும் வைத்திருக்கிறார்.

மாற்று வழி இல்லாமலில்லை. செயலியைப் பாவிக்க இயலாதோர் குறியீட்டெண்ணைக் காட்டும் சிறு கருவியொன்றை மிற்ஐடிக்காகப் பெறலாம். மின்கடிதத்திலிருந்து விலக்குக் கோரி நகரசபையின் மக்கள் சேவைப் பிரிவில் விண்ணப்பிக்கவும் இடமுண்டு. வீட்டில் முதியோர் உள்ளவர்கள் இவற்றை, தொலைபேசி மௌனமாகும் முன்னரே விசாரித்து வைத்தல் நன்று.

அம்மூதாட்டிக்கும் அச்சிறு கருவி கிடைத்தது. அதனுடன் எமது வீட்டுக்கு வந்து, தம் வாழ்நாளில் முதன்முறையாக மேசைக் கணனியின் முன் அமர்ந்தார். வங்கிக் கணக்கு திறந்தது. "இந்தப் பழசு உடன விடுது" என்றார்.

எமது கணனிக்கும் அந்நாள் வரும் என்று அவரிடம் நாம் சொல்லவில்லை.