நுரை அடங்கிய பின்னும்

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் மதகைத் திறந்தால் தென்பெண்ணை வெள்ளை வெளேரென்று நுரைத்துக்கொண்டு இறங்குகிறது. தரைப்பாலத்தை நுரை மூடி, போக்குவரத்தே நின்றதும் உண்டு. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக வரும் கழிவுநீரும் கொடியாளம் அருகே நம் எல்லைக்குள் நுழைகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குத் தென்பெண்ணைதான் முதன்மையான ஆறு.

நுரை எல்லோர் கண்ணிலும் படுகிறது. எனக்குக் கவலை, நுரை அடங்கிய பின் தண்ணீரில் என்ன மிஞ்சுகிறது என்பதில்தான்.

துணி ஆலைகளிலும் ஆலைத் துப்புரவிலும் புழங்கும் நுரைப்பொருள்களில் ஒன்று நோனைல்ஃபினால் எத்தாக்சிலேட். இதன் மூலக்கூறில் ஒரு நீண்ட சங்கிலி உண்டு. சுத்திகரிப்புத் தொட்டியின் பாக்டீரியாக்கள் அந்தச் சங்கிலியை நுனியிலிருந்து கண்ணி கண்ணியாகத் தின்கின்றன. சங்கிலி குறையக் குறைய நுரைக்கும் திறன் போய்விடும். கடைசியில் நோனைல்ஃபினால் நிற்கும். தாய்ப்பொருளைவிட இது கொடியது, உடலில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போலவே வேலை செய்யும்.

இது தெரியவந்ததே தற்செயல்தான். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோவும் கார்லோஸ் சோனன்ஷைனும் மார்பகப் புற்றுநோய் செல்களை வளர்த்துவந்தார்கள். ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் மட்டுமே பெருகவேண்டிய செல்கள், கொடுக்காமலே பெருகின. தேடித் துருவியதில், பிளாஸ்டிக் குழாய்களிலிருந்து கசிந்த நோனைல்ஃபினால் பிடிபட்டது. 1991இல் அதை வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, 1984இல், சுவிட்சர்லாந்தின் வால்ட்டர் கீகர் குழுவினர் சுத்திகரிப்பு நிலையக் கசடில் இப்பொருள் குவிந்துகிடப்பதைக் காட்டியிருந்தார்கள். காற்றில்லாத கசடில் இது எளிதில் சிதையாது.

நல்லவேளை, இதையும் தின்னும் உயிர்கள் இருக்கின்றன. நோனைல்ஃபினால் மூலக்கூறு ஒரு கார்பன் வளையமும் அதில் ஒட்டிய வாலும் கொண்டது. ஸ்பிங்கோமோனாஸ் இனத்தைச் சேர்ந்த சில பாக்டீரியாக்கள், வளையத்தில் வால் ஒட்டியிருக்கும் கார்பனிலேயே ஆக்சிஜனைச் செருகி வாலைக் கழற்றிவிடுகின்றன. பிறகு வளையத்தையும் உடைத்துத் தின்கின்றன. ஆனால் அவற்றுக்குக் காற்று வேண்டும், அவகாசமும் வேண்டும். கசடு பத்து நாள்களுக்கு மேல் தங்கும் நிலையங்களில் ஹார்மோனைக் குலைக்கும் பல பொருள்கள் நன்றாகச் சிதைவதை ஐரோப்பிய ஆய்வுகள் கண்டன. மின்செலவுக்குப் பயந்து காற்றூதியை நிறுத்தும் நிலையத்தில் வேலை பாதியில் நின்றுவிடும்.

பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவிரியிலும் தாமிரபரணியிலும் நோனைல்ஃபினாலைக் கண்டறிந்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதலே அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்திவிட்டது. நம் சுத்திகரிப்பு நிலையங்களில் வழக்கமாகப் பார்க்கும், நீரின் ஆக்சிஜன் தேவையைக் காட்டும் பி.ஓ.டி., சி.ஓ.டி. அளவுகளில் இந்தப் பொருள் தனியாகத் தெரியாது. கொடியாளத்தில் ஆய்வுக்கு எடுக்கும் தண்ணீரில் நோனைல்ஃபினாலையும் அளக்கவேண்டும். கெலவரப்பள்ளி அணையின் அடிச்சேற்றிலும் அளக்கவேண்டும். தண்ணீரில் அதிகம் கரையாத அந்தப் பொருள் போய்ப் படிவது அங்கேதான்.