கடற்புல்லும் கரையோர ஊர்களின் வருவாயும்

தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் மாவட்டங்களின் பாக் விரிகுடாக் கரையில் அலை ஒதுக்கிவிடும் நீண்ட பசுந்தாள்களைக் காணாதார் இலர். பலர் அதனைப் பாசி என்று எண்ணுகின்றனர். மீனவர் தாழை என்பர். அது பாசியன்று. வேரும் தண்டும் கொண்டு, நீருக்குள்ளேயே பூத்துக் காய்க்கும் புல்லாகும்.

இப்புல்லால் ஊருக்கு வருவாய் யாது? உழவர்க்கு ஓர் உவமை போதும். நாற்றங்காலில் எவரும் நெல் அறுப்பதில்லை. ஆயினும் நாற்றங்கால் அழிந்தால் நடவு ஏது? இறாலும் நீல நண்டும் விளைமீனும் குஞ்சுப் பருவத்தில் இப்புல்லிடையே ஒளிந்து, இரை தேடி வளர்கின்றன. ஓரா மீன் இதனையே மேய்கிறது. வளர்ந்தபின் அவை வேறிடம் சென்று வலையிற் படுவதால், புல்லின் பங்கு எவர் கணக்கிலும் ஏறுவதில்லை.

1997-இல் அறிஞர் குழுவொன்று கடற்புல், பாசிப் படுகைகளுக்கு ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 19,000 அமெரிக்க டாலர் என மதிப்பிட்டது. அதிற் பெரும்பகுதி, நீரில் சத்துப் பொருள்களைச் சுழலச் செய்யும் பணிக்கு இட்ட விலை. எவர் கையிலும் ரொக்கமாக வருவதன்று. ஆதலின் மீனவரிடம் அவ்வெண்ணைக் கூறுவதிலும் நண்டு வலையின் எடையைப் பற்றிப் பேசுவதே மேல் என்பது என் கருத்து.

புல் அழிவது எவ்வாறு? இழுவை மடி அதனை வேரோடு பெயர்த்துவிடும். விசைப்படகுகள் கரையை அடுத்த கடற்பகுதியில் மீன்பிடித்தலை 1983-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அது மீறப்படுமிடத்து முதலில் நட்டமடைவோர் நாட்டுப்படகு மீனவரே. உழவர்க்கும் இதில் பங்குண்டு. வயலிலிருந்து வடியும் மிகை உரம் கடலிற் சேர்ந்தால், பாசி பெருகிப் புல்லின் தாளை மூடும். வெயில் எட்டாத புல் மடியும். இறால் பண்ணைக் கழிவுநீரும் அத்தகையதே. அளவறிந்து உரமிடுதல் உழவரின் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

இப்புல்லை உண்டு வாழும் கடற்பசுவுக்கென 2022-இல் தமிழக அரசு தஞ்சை, புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது. இராமநாதபுரம் மாவட்டக் காரங்காட்டில் வனத்துறையும் ஊர்மக்களும் இணைந்து படகுச் சுற்றுலா நடத்துகின்றனர். பிற ஊர்களும் இதனை விரும்பலாம். ஆனால் புல்லின்மீது நங்கூரம் வீசும் படகு, தன் முதலையே அழிக்கும். படகு கட்டுவதற்கு நிலையான மிதவைகள் இடுதல் நன்று. அவற்றிற்குரிய இடத்தை மீன்வளத்துறை அலுவலர், ஊரின் முதிய மீனவரை உடனழைத்துச் சென்று குறித்தல் வேண்டும். எங்கு புல் அடர்ந்துள்ளதென்பது அம்முதியோர்க்கே நன்கு தெரியும்.