எபிசோட் 37: "சாமியாரா போகப் போறியா?" – சமயவியல் மேற்படிப்புக்கு அப்ளை பண்ற கதை

(பேச்சிலிருந்து எழுத்தாக்கியது. சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த எபிசோடை ரொம்ப நாளா தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். இதுல நான் தோத்த கதை இருக்கு, அதான் காரணம். போன டிசம்பர்ல அமெரிக்காவில் அஞ்சு பல்கலைக்கழகங்களுக்கு, ரிலிஜியஸ் ஸ்டடீஸ்னு சொல்ற சமயவியல் துறையில் பிஎச்.டி. படிக்க விண்ணப்பிச்சேன். மார்ச் முடியறதுக்குள்ள அஞ்சு இடத்துல இருந்தும் "வருந்துகிறோம்" மெயில் வந்துடுச்சு. விண்ணப்பக் கட்டணம் மட்டுமே நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல போச்சு. எதுல சறுக்கினேன்னு இப்போ ஓரளவு புரியுது. அதே பக்கம் போக நினைக்கிறவங்க நம்ம நேயர்கள்ல சிலர் இருக்கீங்கன்னு மெசேஜ் பார்த்தா தெரியுது. அதனால பேசிடுவோம்.

வீட்ல சொன்னதும் அம்மா கேட்டதுதான் தலைப்பு. "ஏண்டா, சாமியாரா போகப் போறியா?" ஆபீஸ்ல ஒருத்தர், "ப்ரோ, ரெண்டு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போயிட்டு வா, சரியாயிடும்"னார். சிரிச்சுட்டு விட்டுட்டேன். ஆனா யோசிச்சுப் பார்த்தா அம்மாவோட குழப்பம் நியாயமானது. என் விண்ணப்பத்துலயே அந்தக் குழப்பம்தான் இருந்தது.

ஒரு மதத்துக்குள்ள நின்னு, அதை நம்பி, அதுக்காகப் படிக்கிறது ஒண்ணு. அது இறையியல். மனுஷங்க மதம்னு சொல்லிக்கிட்டு என்னென்ன செய்றாங்க, ஏன் செய்றாங்கன்னு பார்க்கறது இன்னொண்ணு. அது சமயவியல். இந்த ரெண்டுக்கும் நடுவுல அமெரிக்காவில் ஒரு கோர்ட் தீர்ப்பே இருக்கு. பென்சில்வேனியா மாநிலத்துல தினமும் காலையில பள்ளிக்கூடம் தொடங்கும்போது பைபிளிலிருந்து குறைஞ்சது பத்து வசனம் வாசிக்கணும்னு சட்டம் இருந்தது. ஷெம்ப்னு ஒரு குடும்பம் வழக்கு போட்டாங்க. 1963-ல் உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளியில் அப்படி வாசிக்க வைக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. கூடவே, மதத்தைப் பத்தி நடுநிலையா ஒரு பாடமா சொல்லிக்கொடுத்தா அதுல தப்பில்லைன்னும் சொன்னது. அதுக்கப்புறம் அரசுப் பல்கலைக்கழகங்கள்ல சமயவியல் துறைகள் வேகமா வளர்ந்தது. கலிஃபோர்னியாவில் சான்டா பார்பரா துறை அடுத்த வருஷம், 1964-ல், ஆரம்பிச்சது.

எனக்கு இது ஏன் உடனே பிடிபடலைன்னா, நம்ம ஊர்ல இந்த ஏற்பாடு வேற மாதிரி. சென்னைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்குங்க. சைவ சித்தாந்தத்துக்கு ஒரு துறை, வைணவத்துக்கு ஒரு துறை, சமணத்துக்கு ஒரு துறை, கிறித்தவத்துக்கு ஒரு துறை, இஸ்லாத்துக்கு ஒரு மையம். ஆழமாப் படிக்கணும்னா அருமையான இடங்கள். ஆனா இதுல எதுக்குள்ளயும் அடங்காம, குறுக்கே போற கேள்வி ஒண்ணு உங்ககிட்ட இருந்தா எந்தக் கதவைத் தட்டறதுன்னு தெரியாது. பஞ்சாபி பல்கலைக்கழகம், பாட்டியாலாவில் 1967-லேயே சமயவியலுக்குத் தனித் துறை வந்துடுச்சு. நாளந்தா பல்கலைக்கழகத்துல பௌத்தம், தத்துவம், ஒப்பீட்டுச் சமயம் மூணும் சேர்ந்த பள்ளி இருக்கு. அமெரிக்கா போனாத்தான் உண்டுன்னு இல்லைங்கறதுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

மணிமேகலையில ஒரு காதை இருக்கு. வஞ்சி நகரத்துல ஒவ்வொரு சமயத்துக்காரரையும் பார்த்து, உங்க கொள்கை என்னன்னு மணிமேகலை கேட்டுட்டே போவா. முதல்ல இதுதான் சமயவியல்னு நினைச்சேன். இல்லை. அவ கேட்கறது எது சரின்னு முடிவு பண்றதுக்கு. கடைசியில காஞ்சியில அறவண அடிகள்கிட்ட வந்து பௌத்தத்தை ஏத்துக்கறா. சமயவியல்காரங்க கேள்வி வேற: இந்த நூலை எழுதினவரும் இதைப் படிச்சவங்களும் எப்படிப்பட்ட ஒரு சமூகமா தங்களை நினைச்சுக்கிட்டாங்க? ஹார்வர்டு டிவினிட்டி ஸ்கூல்ல பேராசிரியரா இருந்த ஆன் மோனியஸ் 2001-ல் வெளியிட்ட புத்தகம் கிட்டத்தட்ட இந்தக் கேள்வியைத்தான் மணிமேகலையிடமும் வீரசோழியத்திடமும் கேட்குது.

டிவினிட்டி ஸ்கூல்னு சொன்னேன்ல, அங்கயும் ஒரு பொறி இருக்கு. பேரைப் பார்த்துப் பாதிரியார் பயிற்சிக் கல்லூரின்னு நினைச்சுடாதீங்க. ஹார்வர்டு, யேல், சிகாகோ மூணு இடத்துலயும் டிவினிட்டி ஸ்கூல் இருக்கு. அங்க எம்.டிவ்.னு ஒரு மூணு வருஷப் படிப்பு; அது சமயப் பணிக்குப் போறவங்களுக்கானது. நமக்கு வேண்டியது ஆய்வுப் பக்கம் போற மாஸ்டர்ஸ். ஹார்வர்டுல அதுக்குப் பேர் எம்.டி.எஸ்., ரெண்டு வருஷம். யேல்ல எம்.ஏ.ஆர்., சிகாகோவில் எம்.ஏ. அதே மாதிரி பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தோட சமயத் துறை வேற, பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி வேற. ரெண்டும் ஒரே ஊர்ல இருக்குங்கறதோட சரி. ராத்திரி ஒரு மணிக்கு டேப் மேல டேப் திறந்து வெச்சுக்கிட்டு விண்ணப்பம் நிரப்பும்போது இதெல்லாம் கலங்கிப் போகும், அனுபவத்துல சொல்றேன்.

சரி, என் தப்புக்கு வர்றேன். என் எஸ்.ஓ.பி., அதாவது ஏன் படிக்க வர்றீங்கன்னு எழுதித் தர்ற கட்டுரை, இப்படித் தொடங்கும்: சின்ன வயசுல பாட்டி சொன்ன கதைகள், ஊர்த் திருவிழா, அப்புறம் இன்ஜினீயரிங், அறிவியலுக்கும் ஆன்மிகத்துக்கும் நடுவுல என் தேடல். மூணு பக்கம். இப்போ படிச்சா கூசுது. அதுல பொய் ஒண்ணும் இல்லை. ஆனா கேள்வியும் இல்லை. தேர்வுக் குழு வருஷத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பேரைத்தான் எடுப்பாங்க. அவங்க தேடறது, இந்த ஆளுக்கு ஒரு கேள்வி இருக்கா, அதை இங்க இருக்கற யாராவது வழிநடத்த முடியுமாங்கறதை. என் தேடலை யார் வழிநடத்த முடியும்? எனக்கே தெரியலை.

கேள்வி என் லேப்டாப்லயே இருந்தது. ரெண்டு வருஷம் முன்னாடி, ஒரு கோயில் அறக்கட்டளைக்கு ஆன்லைன் அர்ச்சனை புக்கிங் பக்கம் பண்ணிக் கொடுத்தேன். பெயர், நட்சத்திரம், ராசி, கோத்திரம். கோத்திரத்துக்கு ஒரு டிராப்டவுன். அதை நிரப்பாம அடுத்த பக்கம் போக முடியாது. அப்படிக் கட்டாயம்னு வெச்சது நான்தான். அவங்க கொடுத்த ஷீட்ல இருந்ததை அப்படியே போட்டேன். ஒரு நாள் ஒரு அம்மா போன் பண்ணாங்க. "தம்பி, எங்களுக்கு அதெல்லாம் கிடையாதுப்பா. பேரனுக்குப் பிறந்தநாள். பணம் கட்ட விட மாட்டேங்குது, என்ன போடட்டும்?" எனக்குப் பதில் தெரியலை. அன்னிக்கு ராத்திரி எங்க அம்மாகிட்ட கேட்டேன், நம்ம கோத்திரம் என்னம்மா? "நமக்கு ஏதுடா? ஐயர் கேட்டா சிவ கோத்திரம்னு சொல்லு, அவ்வளவுதான்." நாங்களும் அந்த டிராப்டவுன்ல இல்லை. அதை எழுதினதே நான்.

சன்னதியில நேர்ல நின்னா இது ஒரு விநாடி விஷயம். தெரியலைன்னா அர்ச்சகரே "சிவ கோத்திரம்"னு சொல்லிட்டு மேல போயிடுவார். அந்த நெகிழ்வு ஃபார்ம்ல இல்லை. மறுநாள் அதை ஃப்ரீ டெக்ஸ்ட்டா மாத்தினேன். அதுக்கப்புறம் ஜனங்க அந்தக் கட்டத்துல என்னென்ன எழுதினாங்கன்னு எனக்குத் தெரியும். இங்க சொல்ல மாட்டேன். ஏன்னு பின்னாடி வர்றேன்.

இதுதான் கேள்வி. கோத்திரம் உண்மையா பொய்யாங்கறது இல்லை. அதை எடுக்கணுமா வைக்கணுமாங்கறதும் இல்லை, அது வேற மேடை. கோயில்ல வாய்வார்த்தையா நடந்த ஒரு சமாளிப்பு, கட்டாயக் கட்டமா மாறும்போது யார் எப்படித் தன்னை எழுதிக்கறாங்க? இதை வெச்சு எஸ்.ஓ.பி.யைத் திரும்ப எழுதினேன். பாட்டி ஒரு வரிக்குச் சுருங்கிட்டாங்க.

கேள்வி கிடைச்சதும் அடுத்த வேலை, இதை ஏற்கனவே தொட்டவங்க யாருன்னு பார்க்கறது. அர்ஜுன் அப்பாதுரை 1981-ல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலைப் பத்தி எழுதின புத்தகத்துல, கோயில் மரியாதை யாருக்கு எந்த வரிசையில போகுதுங்கறது எவ்வளவு பெரிய அரசியல்னு காட்டியிருக்கார். கிறிஸ் ஃபுல்லர் மதுரை மீனாட்சியம்மன் கோயில் பட்டர்களைப் பத்தி 1984-ல் ஒண்ணு, 2003-ல் ஒண்ணுன்னு ரெண்டு புத்தகம் எழுதியிருக்கார். கவனிச்சீங்களா, ரெண்டு பேருமே மானுடவியலாளர்கள். உங்க கேள்வி மதத்தைப் பத்தினதா இருந்தாலும் அதுக்கான வழிகாட்டி சமயவியல் துறையில இல்லாம மானுடவியல்லயோ தெற்காசிய ஆய்வுகள்லயோ இருக்கலாம். பல்கலைக்கழகத்தோட ரேங்கைப் பார்த்து நான் பட்டியல் போட்டது ரெண்டாவது தப்பு. ஆளைப் பார்த்துப் போடணும். அந்தப் பேராசிரியர் ஓய்வு பெறப்போறாரா, இந்த வருஷம் மாணவர் எடுக்கறாரான்னு செப்டம்பர், அக்டோபர்லயே ஒரு சின்ன மெயில் போட்டுக் கேட்கலாம். நாலு வரி போதும். பதில் வரலைன்னா மனசு ஒடிஞ்சு போகாதீங்க.

மூணாவது தப்பு, பி.இ. முடிச்சுட்டு நேரா பிஎச்.டி.க்குக் குதிச்சது. நாலு வருஷப் பட்டம்ங்கறதால தகுதி உண்டு. ஆனா பெரும்பாலும் கூடப் போட்டி போடறவங்க ஒரு மாஸ்டர்ஸ் முடிச்சு, ரெண்டு மூணு பழைய மொழி படிச்சு வந்திருப்பாங்க. ரைட்டிங் சாம்பிள்னு இருபது பக்கம் அளவுல ஒரு ஆய்வுக் கட்டுரை கேட்பாங்க. நான் என்ன அனுப்பினேன் தெரியுமா? ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோட முன்னுரையைத் தட்டிக்கொட்டி, நாலு தத்துவ மேற்கோள் சேர்த்து... விடுங்க.

இப்போ அர்ச்சனை ஃபார்ம் பத்தி எழுதிட்டிருக்கேன். இங்கதான் அந்த டேட்டாபேஸ் விஷயம். என்கிட்ட அட்மின் பாஸ்வேர்டு இருந்தது, ஒரு க்வெரி போட்டா கட்டுரை ரெடி. ஆனா அந்த ஜனங்க பேரனுக்கு அர்ச்சனை பண்ணத்தான் எழுதினாங்க, என் ஆய்வுக்கு இல்லை. அவங்க சம்மதம் இல்லாம அதைத் தொடறது தப்பு. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்ல மனுஷங்களை வெச்சு ஆய்வு பண்ணணும்னா பொதுவா ஒரு நெறிமுறைக் குழுகிட்ட அனுமதி வாங்கணும். "நான்தான் அந்த ஆப்பை எழுதினேன், டேட்டா இருக்கு"ன்னு பெருமையா எழுதினா அங்கேயே அடிபடும். அதனால யார் வேணா திறந்து பார்க்கக்கூடிய புக்கிங் பக்கங்களை மட்டும் எடுத்துக்கிட்டேன். எந்தக் கோயில் என்ன கேட்குது, எது கட்டாயம், எது இல்லை. மெதுவா போகுது, ஆனா நிம்மதியா இருக்கு.

சிபாரிசுக் கடிதம் மூணு வேணும். நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இதுதான் பெரிய சுவர். எனக்கு எழுதினவங்க ரெண்டு மேனேஜர், காலேஜ்ல எத்திக்ஸ் எடுத்த ஒரு சார். மூணு கடிதமும் நல்ல பையன், நேரத்துக்கு வேலையை முடிப்பான்ங்கற ரகம். உங்க எழுத்தை வாசிச்சு, திருத்தி, சண்டை போட்ட ஒரு ஆசிரியரோட கடிதம்தான் அங்க எடுபடும். அதுக்குக் குறுக்கு வழி எதுவும் எனக்குத் தெரிஞ்சு இல்லை. சனி ஞாயிறு வகுப்போ, தொலைநிலை எம்.ஏ.வோ, ஏதோ ஒண்ணுல சேர்ந்து ஒரு வருஷமாவது ஒருத்தர்கிட்ட எழுதிக் காட்டணும்.

மொழி விஷயத்துல நமக்கு ஒரு முன்னிலை இருக்கு. அமெரிக்க ஆய்வு மாணவர்கள் தமிழ் கத்துக்க மதுரைக்கு வர்றாங்க. அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் அங்க அதுக்குன்னே வகுப்பு நடத்துது. ஆனா தமிழ் தாய்மொழின்னு எழுதிட்டாப் போதும்னு நினைக்காதீங்க. கல்வெட்டுத் தமிழ் வேற, வைணவ உரைகளோட மணிப்பிரவாளம் வேற. ஈட்டைத் திறந்தா ரெண்டாவது வரியிலயே நம்ம தமிழ் மீடியம் கௌரவம் போயிடும். எதை வாசிக்க முடியும், எதை இனிமே கத்துக்கணும்னு நேர்மையா எழுதுங்க. பல பிஎச்.டி. திட்டங்கள்ல பிரெஞ்சு, ஜெர்மன் மாதிரி ஒரு ஐரோப்பிய மொழியில வாசிப்புத் தேர்வும் இருக்கும். பிரெஞ்சு எதுக்குன்னு எனக்கு எரிச்சலா இருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-லிருந்து சைவ ஆகமச் சுவடிகளைச் சேர்த்துப் பதிப்பிச்சுட்டு வருது, அந்தத் துறையில நிறைய வேலை பிரெஞ்சுலயே வந்திருக்குன்னு தெரிஞ்சதும் வாயை மூடிக்கிட்டேன்.

பணம். நல்ல பிஎச்.டி. இடம்னா கட்டணம் தள்ளுபடி, கூட உதவித்தொகை, பொதுவா அஞ்சு வருஷத்துக்கு. நம்ம சம்பளத்தோட ஒப்பிட்டு அழாதீங்க, அதுல வாழலாம். மாஸ்டர்ஸுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. டிவினிட்டி ஸ்கூல்கள் ஓரளவு நல்லா உதவுறாங்க, ஆனா வாழ்க்கைச் செலவு தனி. இங்கிலாந்துல மாஸ்டர்ஸ் ஒரு வருஷம்தான். செவனிங் உதவித்தொகைக்கு ரெண்டு வருஷ வேலை அனுபவம் கேட்பாங்க, ஐ.டி. வேலையும் கணக்குல வரும். முடிச்சுட்டு ரெண்டு வருஷம் இந்தியாவுக்குத் திரும்பி வரணும். படிப்பு முடிஞ்சு பேராசிரியர் வேலை கிடைக்குமா? ரொம்பக் கஷ்டம். கடன் வாங்கி இந்தப் படிப்புக்குப் போகாதீங்க. இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

சின்னச் சின்ன விஷயங்கள்: ஜிஆர்இ-யைப் பல இடத்துல எடுத்துட்டாங்க, ஒவ்வொரு துறையோட பக்கத்துலயும் பார்த்துக்குங்க. விண்ணப்பக் கட்டணத்துக்கு விலக்கு கேட்டா கொடுக்கற இடங்கள் இருக்கு. நான் கூச்சப்பட்டுக் கேட்கலை, நாற்பதாயிரம் போச்சு. கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர்லிருந்து ஜனவரி முதல் வாரங்களுக்குள்ள வரும். உதவித்தொகையோட இடம் கொடுத்தா, அந்த உடன்பாட்டுல இருக்கற பல்கலைக்கழகங்கள்ல ஏப்ரல் 15 வரைக்கும் யோசிக்க நேரம் உண்டு. அதுக்கு முன்னாடியே பதில் சொல்லுன்னு யாராவது அவசரப்படுத்தினா அந்தத் தேதியை ஞாபகப்படுத்துங்க.

நான் இந்த வருஷம் மூணு மாஸ்டர்ஸ், ஒரே ஒரு பிஎச்.டி.ன்னு வெச்சிருக்கேன். ரைட்டிங் சாம்பிள் பதினொரு பக்கத்துல நிக்குது. வேலையை இன்னும் விடலை. யாராவது இதே வழியில போயிட்டிருந்தா உங்க எஸ்.ஓ.பி.யோட முதல் பத்தியை மட்டும் வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, உங்க சம்மதத்தோட ரெண்டு மூணை எடுத்து அடுத்த எபிசோட்ல பிரிச்சு மேயலாம். பாட்டி கதையில ஆரம்பிச்சிருந்தாலும் பரவாயில்லை, அனுப்புங்க.