விரியும் குழாயும் துருத்தி இணைப்பும்

செனாவாங் போன்ற தொழிற்பேட்டைகளில், தொழிற்சாலைச் சுவர்களை ஒட்டி ஓடும் பெரிய குழாய்களைப் பலரும் கண்டிருப்பர். அவற்றுள் சில சூடான நீராவியைச் சுமந்து செல்பவை. செம்பனை ஆலைகளிலும் இத்தகைய குழாய்கள் உண்டு. கொதிகலனில் உருவாகும் நீராவி அவற்றின் வழியாகவே பழக்குலைகளை அவிக்கும் கலன்களுக்குச் செல்கிறது.

சூடேறினால் உலோகம் விரியும். ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகு, வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயரும்போது ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் நீள்கிறது. கேட்பதற்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால், 30 மீட்டர் நீளமுள்ள குழாயொன்று 30 பாகையிலிருந்து 180 பாகைக்குச் சூடேறினால் 54 மில்லிமீட்டர் நீளும். இரு முனைகளையும் அசையாமல் இறுக்கிவிட்டால், நீள முடியாத குழாய் வளைந்து நெளியும். அல்லது தன்னைத் தாங்கும் சட்டத்தையும் இணைக்கப்பட்ட இயந்திரத்தையும் சிதைக்கும்.

இதற்குப் பழைய தீர்வு ஒன்று உண்டு. குழாயின் நடுவே 'ப' வடிவில் ஒரு வளைவை அமைத்தால், அவ்வளைவு விரிவை ஏற்றுக்கொள்ளும். இடம் தாராளமாக இருக்குமானால் இதுவே கவலையற்ற வழி. இடம் குறுகியதாகவோ குழாய் மிகப் பெரியதாகவோ இருந்தால்தான் உலோக விரிவிணைப்பு தேவைப்படுகிறது.

ஆர்மோனியத்தின் துருத்தியில் உள்ள மடிப்புகளை நினைத்துக்கொண்டால் இவ்விணைப்பின் அமைப்பு எளிதில் விளங்கும். மெல்லிய துருவேறா எஃகுத் தகட்டில் அலை அலையான மடிப்புகள் அமைக்கப்பட்டிருக்கும். குழாய் நீளும்போது மடிப்புகள் நெருங்கும்; குழாய் குளிரும்போது அவை விலகும். தகடு தடித்தால் துருத்தி எளிதில் மடியாது. மெலிந்தால் அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே, அழுத்தம் மிகுந்த இடங்களில் மெல்லிய தகடுகள் பலவற்றை அடுக்கிச் செய்வதுண்டு.

உலோகத்தின் வகையையும் கவனிக்க வேண்டும். போர்ட்டிக்சன் போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றிலுள்ள உப்பு சூடான துருவேறா எஃகில் படிந்து விரிசலை உண்டாக்கக்கூடும். அத்தகைய இடத்தில், விலை கூடினாலும், நிக்கல் மிகுந்த உலோகக் கலவையே ஏற்றது.

இவற்றையெல்லாம் சரியாகக் கணித்தவரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. துருத்தி விரிவை ஏற்றுக்கொள்வதோடு நிற்பதில்லை. உள்ளிருக்கும் அழுத்தத்தால் அது தானாகவே நீள முயன்று, இருபுறமும் குழாயைத் தள்ளுகிறது. சராசரி விட்டம் 300 மில்லிமீட்டர் உள்ள துருத்தியில் 10 பார் அழுத்தம் இருந்தால், அந்தத் தள்ளுவிசை ஏறக்குறைய 7 டன் எடைக்குச் சமம். எனவே, எளிய நேர்கோட்டுத் துருத்தியைத் தேர்ந்தெடுப்பவர் குழாயின் இரு முனைகளிலும் வலுவான நிலைப்பிடிமானங்களை அமைக்க வேண்டும். குழாய் பக்கவாட்டில் விலகாதபடி வழிகாட்டித் தாங்கிகளையும் பொருத்த வேண்டும். இதற்கு வசதியில்லையெனில், அவ்விசையைத் தாங்கும் கட்டுத்தண்டுகளோ கீல்களோ உள்ள இணைப்பைத் தேர்ந்தெடுக்கலாம். அதன் விலையைக் கண்டு தயங்குவோர் பிடிமானங்களுக்கு ஆகும் செலவையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

தள்ளுவிசையைக் கணிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்தின் பிலிக்ஸ்பரோ ஊரில் நடந்த விபத்து காட்டியது. அங்கே நைலான் தயாரிப்புக்கு வேண்டிய மூலப்பொருளைச் செய்யும் ஆலை ஒன்று இருந்தது. அதில் ஆறு பெரிய கலன்கள் வரிசையாக, ஒன்றைவிட அடுத்தது சற்றுத் தாழ்வாக அமைக்கப்பட்டிருந்தன. கலன்களுக்கு இடையே துருத்தி இணைப்புகள் இருந்தன. 1974ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஐந்தாம் கலனில் விரிசல் காணப்பட்டது. அக்கலனை அகற்றிவிட்டு, நான்காம் கலனையும் ஆறாம் கலனையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்தனர். அக்குழாயின் வரைபடம், பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்த கோடுகள் மட்டுமே.

ஒரு கலன் உயர்ந்தும் மற்றது தாழ்ந்தும் இருந்ததால் குழாய் இரண்டு இடங்களில் மடங்கியிருந்தது. அதன் இரு முனைகளிலும் துருத்திகள் இருந்தன. ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழ 38 டன் தள்ளுவிசை செயல்பட்டது. இரு விசைகளும் ஒரே நேர்கோட்டில் அமையாததால் அவை குழாயைத் திருக முயன்றன. சாரக்கட்டின் மேல் வெறுமனே கிடந்த அக்குழாயைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. அப்படியும் அது இரண்டு மாதம் தாங்கியது.

ஜூன் 1, சனிக்கிழமை மாலை, அக்குழாய் கழன்று விழுந்தது. வெளியேறிய சைக்ளோஹெக்ஸேன் ஆவி தீப்பற்றி வெடித்தது. 28 பேர் மாண்டனர். அவர்களுள் 18 பேர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள். வார நாளாக இருந்திருந்தால் அலுவலகங்களில் இருந்தோரும் சிக்கியிருப்பர். விபத்தை ஆராய்ந்த விசாரணைக் குழு 1975ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. குழாயை வடிவமைத்தபோது தள்ளுவிசை கணிக்கப்படவில்லை. துருத்தியைத் தயாரித்த நிறுவனம் அளித்த வடிவமைப்புக் கையேட்டையும் எவரும் பார்க்கவில்லை.